பானையை ஆட்டாதே



சென்ற இதழைப் படித்துவிட்டு ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். கலவைகளைப் பிரிக்கும் பாடத்துக்காக ஒரு கண்ணாடிக் குவளையில் குளத்து மண்ணைக் கரைத்து மேசைமேல் வைத்திருக்கிறார். பாடம் பாதி போவதற்குள் மணல் அடியில் இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் மட்டும் தேநீர் நிறத்தில் அப்படியே நிற்கிறது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "இதுக்குப் பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். பாடநூலில் உள்ள சொல்லைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர் நம் இதழைப் புரட்டியிருக்கிறார். அணைகளைப் பற்றிய கட்டுரையில் 'வண்டல் படிவு'. மருத்துவக் கட்டுரையில் 'வீழ்படிவு'. ஊர்க்குளங்களைப் பற்றிய குறிப்பில் 'தூர்ந்துபோதல்'. "செடிமென்டேஷனுக்குத் தமிழில் ஒரு சொல் கிடையாதா? ஒரே இதழில் நீங்களே மூன்று விதமாக எழுதினால் நான் அந்தப் பையனுக்கு எதைச் சொல்வது?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. அந்தக் கடிதத்தை ஒரு மாதமாக மேசை மேலேயே வைத்திருக்கிறேன். முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கட்டுரையில் 'வீழ்படிவு' என்று விட்டது தவறு. கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று வேதிவினையால் திண்மமாகிக் கீழே விழுந்தால்தான் அது வீழ்படிவு. சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதினால் பால்போல் வெளுத்து, பிறகு வெள்ளையாக அடியில் தங்குகிறதே, அது. குவளையில் குளத்து மண் இறங்குவது அப்படியல்ல. மண் முதலிலிருந்தே மண்தான். தண்ணீர் அதைச் சுமந்துகொண்டிருந்தது, ஓய்ந்ததும் இறக்கி வைத்தது. பாரத்தைச் சுமந்தவன் இறக்கி வைப்பதற்கும் இல்லாத பாரம் புதிதாகப் பிறந்து விழுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

மற்ற இரண்டு சொற்களைப் பற்றி மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். எங்கள் ஆச்சி வீட்டில் குடிநீர் ஆற்றிலிருந்துதான் வரும். மழைக்காலத்தில் புதுத் தண்ணி வந்துவிட்டால் குடத்தில் செங்கல்லைக் கரைத்ததுபோல் இருக்கும். ஆச்சி அடுக்களை மாடத்திலிருந்து ஒரு தேற்றாங்கொட்டையை எடுப்பாள். உருண்டை, மங்கிய மஞ்சள். மண்பானையின் உட்புறச் சுவரில் அந்தக் கொட்டையை வைத்து வட்டம் வட்டமாக உரைப்பாள். சொரசொரவென்று ஒரு சத்தம் வரும். பிறகு தண்ணீரை ஊற்றி, ஒருமுறை கையால் சுழற்றிவிட்டு, தட்டைப் போட்டு மூடிவிடுவாள். நான் தட்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். "ஏட்டி, பானைய ஆட்டாத. சும்மா கெடந்தாத்தான் தெளியும்" என்பாள். மறுநாள் காலையில் பானைக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் இருக்கும் வண்டல்கூடத் தெரியும்.

ஆச்சி 'படியும்' என்று சொல்லவில்லை, 'தெளியும்' என்றாள். பானையின் அடியில் நடந்தது படிதல். அதே நேரத்தில், அதே பானையில், மேலே நடந்தது தெளிதல். நிகழ்வு ஒன்றுதான். குடிக்கத் தண்ணீர் வேண்டியவள் மேலிருந்து பார்த்தாள், அதனால் அவளுக்கு அது தெளிதல்.

வேண்டியது அடியில் இருந்தால் சொல்லும் அடிக்குப் போய்விடும். எங்கள் பக்கத்து அல்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து பாலெடுத்து ராத்திரி முழுக்க அசையாமல் வைப்பார்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அடியில் கெட்டியாகத் தங்கியதைத்தான் வாணலியில் ஊற்றிக் கிண்டுவார்கள். அங்கே யாரும் 'தெளிஞ்சுதா' என்று கேட்பதில்லை, 'பால் படிஞ்சுதா' என்றுதான் கேட்பார்கள். ரசம் வைத்த பாத்திரத்தில் இரண்டுமே உண்டு: தெளிவு ஒருவருக்கு, அடிமண்டி இன்னொருவருக்கு. கொங்கு நாட்டில் பதநீரைத் தெளுவு என்பார்கள். கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பு அடியில் தங்கிவிட, மேலே நிற்பது அது. வெண்ணெய் உருக்கினால் அடியில் நிற்பது கசண்டு. மேலே நின்றதை மட்டும் அசங்காமல் சாய்த்து வேறு பாத்திரத்தில் எடுப்பது இறுத்தல். பாடநூலில் 'தெளிய வைத்து இறுத்தல்' என்று போட்டிருக்கிறார்கள். அதை எழுதியவர் சமையலறைக்குள் போய்வந்தவராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

'செடிமென்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'உட்கார்தல்' என்ற பொருளுடைய வினை. சபை கூடும் 'செஷன்', தலைமையில் அமரும் 'பிரசிடென்ட்', மிச்சமாகத் தங்கும் 'ரெசிடியூ', எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. ஆக அவர்களுக்கு அது மண் வந்து உட்காரும் காட்சி. நல்ல காட்சிதான். ஆனால் அந்தச் சொல்லில் மண் மட்டுமே இருக்கிறது. மேலே விட்டுச்சென்ற தண்ணீர் அதில் இல்லை.

ஆச்சி ஏன் ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்தாள் என்பதற்கு 1851இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் ஒரு கணக்குக் கொடுத்தார். நீரில் இறங்கும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார். அதாவது, பாதி அளவுள்ள துகள் பாதி வேகத்தில் இறங்காது, கால்வாசி வேகத்தில்தான் இறங்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் நுண்மணல் ஓரடி ஆழமுள்ள பானையில் அரை நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் அடியைத் தொட்டுவிடும். ஆயிரத்தில் இரண்டு பங்கே இருக்கும் களித்துகளுக்கு அதே ஓரடிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதிலும் பாதியாக இருந்தால் நான்கு நாள். ஆசிரியையின் குவளையில் மணல் சட்டென்று இறங்கியதற்கும், தேநீர் நிறம் மணி அடித்த பிறகும் போகாததற்கும் இதுதான் காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. களித்துகள்களின் மேற்பரப்பில் எதிர் மின்சுமை உண்டு. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை சேர்ந்து கனப்பதில்லை, இறங்குவதுமில்லை. தேற்றாங்கொட்டையிலிருந்து கரையும் பசை போன்ற பொருள் அவற்றை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. கோத்தவை திரளாகி இறங்குகின்றன. படிகாரம் அந்த மின்சுமையையே தணித்துவிடுகிறது. நகரத்துக் குடிநீர் நிலையங்களில் இன்றும் படிகாரம்தான் முதல் வேலையைச் செய்கிறது. கலித்தொகையிலேயே கலங்கிய நீரைத் தெளிவிக்கும் இந்தக் கொட்டை, மனம் தெளிவதற்கு உவமையாக வந்துவிட்டது. அங்கே அந்த மரத்துக்கு 'இல்லம்' என்று பெயர். ஸ்டோக்ஸின் கணக்கு வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே நம் பானைகள் அந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தன.

இனி மருத்துவக் கட்டுரைக்கு வருகிறேன். பிழை அங்கேதான் நேர்ந்தது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளில் ஈ.எஸ்.ஆர். என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த மூன்றெழுத்தில் நடுவில் நிற்பது இந்த செடிமென்டேஷன்தான். தமிழில் 'சிவப்பணுப் படிவு வீதம்' என்று சொல்லலாம். என் அம்மாவுக்கு மூட்டு வீங்கியபோது முதன்முதலாக அதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருமுனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த பெண், என் ஆவலைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். தாங்கியில் ஒல்லியான கண்ணாடிக் குழாய் ஒன்று நேர்செங்குத்தாக நின்றது. பக்கத்தில் கடிகாரம். "ஒரு மணி நேரம் இதத் தொடக்கூடாதுக்கா. மேசையில இடிச்சாலும் கணக்கு மாறிடும்" என்றாள். ஆச்சியின் குரலைக் கேட்டதுபோல் இருந்தது.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சேர்த்து அந்தக் குழாயில் நிறுத்தினால் சிவப்பணுக்கள் மெல்ல இறங்கும். உடலில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள் ரத்தத்தில் கூடுகின்றன. அப்போது சிவப்பணுக்கள் அடுக்கி வைத்த காசுகளைப்போல் ஒட்டிக்கொள்ளும். கனத்துவிடுவதால் வேகமாக இறங்கும். போலந்து மருத்துவர் பியர்னாட்ஸ்கி 1897இல் இதைக் கவனித்து எழுதினார். ஸ்வீடனின் ஃபோரேயஸ் 1918இலும் வெஸ்டர்கிரென் 1921இலும் இன்றைய முறைக்கு உருவம் கொடுத்தார்கள். வெஸ்டர்கிரென் பெயர் இன்னும் பல தாள்களில் அச்சாகி வருகிறது. என்ன நோய் என்று இந்த எண் சொல்லாது. உடம்புக்குள் ஏதோ கனன்றுகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் எதை அளந்தாள் தெரியுமா? அடியில் இறங்கிய சிவப்பை அவள் அளக்கவில்லை. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்ற நீரின் உயரத்தை அளந்தாள். எத்தனை மில்லிமீட்டர் தெளிந்ததோ அதுதான் தாளில் எழுதப்படும் எண். பெயரில் இருப்பது படிவு, அளவுகோல் தொடுவது தெளிவு. ஆச்சி பானையில் பார்த்த அதே இடம்.

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு இன்னொரு 'எஸ்' நினைவிருக்கும். ரைபோசோம் 70எஸ், 80எஸ் என்று மனப்பாடம் செய்திருப்போம். 50எஸ்ஸும் 30எஸ்ஸும் சேர்ந்தால் எப்படி 70எஸ் ஆகும், கூட்டல் தப்பாக இருக்கிறதே என்று குழம்பியிருப்போம். அது எடையுமல்ல, நீளமுமல்ல. அதிவேகமாகச் சுழற்றும்போது அந்தத் துகள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதன் அளவு. 1926இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வெட்பெரியின் பெயரால் வந்த அலகு. இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டால் உருவம் மாறும், தண்ணீர் தரும் தடையும் மாறும், அதனால் வேகத்தை அப்படியே கூட்ட முடியாது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டாரே, அவர் அணு அணுவாக அமைப்பைக் கண்டு சொன்னது அந்த 30எஸ் துண்டைத்தான். கொள்ளிடம் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும் நாட்டில் பிறந்தவர், படியும் வேகத்தையே பெயராகக் கொண்ட ஒன்றைப் படம்பிடித்தார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சரி, 'தூர்தல்' என்ற சொல்லுக்கு வருவோம். அதற்காக உங்களைக் கொற்கைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. சங்கப் பாடல்களில் வரும் ஊர். முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸில் 'கொல்கோய்' என்று பதிவான ஊர். இன்று அங்கே போய் இறங்கினால் கடலைக் காணோம். வயலும் வாழைத் தோட்டமும் ஒரு குளமும்தான். கடல் 6, 7 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது, கேணி வெட்டிய இடத்தில் அள்ளிப்போட்டிருந்த மண்மேட்டில் உட்கார்ந்தேன். கையால் கிளறினால் வெளுத்த சிப்பித் துண்டுகள் வந்தன. பக்கத்தில் நின்ற பெரியவர், "எங்க தோண்டுனாலும் இதுதாம்மா வரும்" என்றார். அவருக்கு அது புதிதல்ல.

கடல் பின்வாங்கியது என்று சொல்வார்கள். உண்மையில் ஆறுதான் கடலை வெளியே தள்ளியது. பொதிகையிலிருந்து மண்ணைச் சுமந்து வரும் தாமிரபரணி சமவெளிக்கு வந்ததும் நடை தளர்கிறது. நடை தளர்ந்தால் சுமக்க முடியாது. முதலில் மணலை இறக்குகிறது. களி மட்டும் கடல்வரை போகும். அங்கே உப்பு காத்திருக்கிறது. உப்பு நீரில் கரைந்திருக்கும் அயனிகள் களியின் மின்சுமையைத் தணித்துவிட, துகள்கள் திரண்டு முகத்துவாரத்திலேயே இறங்கிவிடுகின்றன. ஆச்சி பானையில் கொட்டையை உரைத்துச் செய்த வேலையை, ஆறு கடலைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் உப்பு செய்துகொண்டே இருக்கிறது.

கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய பெரும் துறைமுகம் அந்தக் காயல்தான். பிறகு அதையும் ஆறு விடவில்லை. இன்று பழையகாயலும் உள்ளே நிற்கிறது. கடைசியில் போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி எழுந்தது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இந்த வரிசையைச் சொல்லி, காரணம் ஆற்று வண்டல் என்றும் எழுதினார். இலக்கண ஆய்வுக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் அந்த மனிதர், கொற்கையிலும் காயலிலும் ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தவரும்கூட.

மாலுமி இதைப் படிதல் என்று சொல்வானா? தெளிதல் என்பானா? அவனுக்கு வழி அடைத்தது. அதனால் தூர்ந்தது. கிணறு தூரும், கால்வாய் தூரும், துறை தூரும், காது குத்திய துளைகூடத் தூரும். வெறுமையாக இருக்க வேண்டிய இடம் நிறைந்துபோவதற்குத் தமிழில் உள்ள சொல் இது. அந்தச் சொல்லில் இழப்பு இருக்கிறது. 'வண்டல் படிந்தது' என்றால் அந்த இழப்பு வராது.

அதே வண்டல் வயலில் ஏறினால் பெயர் மாறிவிடுகிறது. எங்கள் பக்கம் கரம்பை என்போம். கோடையில் குளம் வற்றியதும் குளத்துக்குள் வண்டிகள் இறங்கும். வெடித்துக் கிடக்கும் கரம்பையை வெட்டி ஏற்றி வயலில் கொட்டிப் பரப்புவார்கள். 'கரம்பை அடித்தாச்சா' என்பது சித்திரை, வைகாசியில் ஊரே கேட்கும் கேள்வி. பெண்கள் அதில் ஒரு கூடை எடுத்து வந்து தலைக்குத் தேய்த்துக் குளிப்பதும் உண்டு. தூர்ந்தது குளத்துக்கு நட்டம், அடித்தது வயலுக்கு லாபம். ஒரே கூடை மண்.

இதை நம் முன்னோர் கட்டுமானத்திலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். பழைய ஏரிகளின் உள்ளே, கரையிலிருந்து தள்ளி, இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு கல்தொட்டி நிற்கும். அதுதான் குமிழித் தூம்பு. அதில் இரு வகைத் துளைகள். மேலே நீரோடி, கீழே தரைமட்டத்தில் சேறோடி. தண்ணீர் திறக்கும்போது நீரோடி வழியே நல்ல நீர் இறங்க, சேறோடி அடியில் கிடக்கும் சேற்றையும் கொஞ்சம் இழுத்து வயலுக்கு அனுப்பிவிடும். ஏரி தூர்வதும் குறையும், வயலுக்கு வண்டலும் போகும். தெளிவுக்கு ஒரு வாய், வண்டலுக்கு ஒரு வாய். இந்த இரண்டு பெயர்களையும் முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லில் செதுக்கிய அகராதி அது.

சொல்லைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் ஆற்றிலேயே சான்று உண்டு. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். பல காலம் வண்டல் சேர்ந்து தேக்கமே மேடாகிவிட, அதைத் தூர் வாரச் சொல்லி 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வேலை தொடங்கியதும் ஊர் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வாருவது தூரையா, மணலையா? தூர் என்றால் அடைத்துக்கொண்டிருக்கும் களிவண்டல். அது போனால் தண்ணீர் நிற்கும். மணல் என்றால் ஆற்றின் உடம்பு. அது போனால் நிலத்தடி நீரும் போகும். இரண்டும் ஆறு இறக்கி வைத்தவைதான். ஆங்கிலக் கோப்பில் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். கரையில் நிற்பவர்களால் அடக்க முடியவில்லை. அவர்கள் கேட்டது சரியான கேள்வி.

மேட்டூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1934இல் கட்டி முடித்த அந்த அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று இன்றும் செய்தியில் தினம் படிக்கிறோம். அது கட்டியபோது போட்ட கணக்கு. அன்றிலிருந்து காவிரி இறக்கி வைத்த வண்டல் அந்தக் கணக்குக்குள்ளேதான் படுத்திருக்கிறது. தஞ்சைக்குப் போக வேண்டிய வண்டல் அது. பூம்புகார்க் கரைக்கும் போக வேண்டியது.

படிந்தது நெடுங்காலம் அப்படியே கிடந்தால் கல்லாகும். அரியலூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சிமென்ட்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் முழுக்கப் பழைய கடலின் படிவு. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. டைனோசர்கள் நடமாடிய காலத்து மரம் கடலடிச் சேற்றில் புதைந்து மரமாகவே கல்லானது. அதற்குத் தமிழில் புதைபடிவம் என்கிறோம். புதைந்ததும் இருக்கிறது, படிந்ததும் இருக்கிறது. நல்ல சொல்.

இந்தப் 'படி' என்ற வினையை எங்கெங்கே போட்டிருக்கிறோம் என்று ஒரு மாலையில் எழுதிப் பார்த்தேன். பனி படிகிறது. தூசி, துரு, பாசி, கறை எல்லாம் படிகின்றன. எண்ணெய் வைத்தால் முடி படிகிறது, சிலருக்கு என்ன செய்தாலும் படியாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்தவர்களுக்கு விலை படிகிறது, அல்லது பேரம் படியாமல் எழுந்துபோகிறார்கள். பிள்ளைகள் கீழ்ப்படிகிறார்கள். சொன்னது மனதில் படிகிறது. சங்ககாலத்தில் யானை நீரில் இறங்கினாலும் படிதல்தான். எல்லாவற்றிலும் ஓர் இறக்கமும், இறங்கியபின் ஓர் அமைதியும் இருக்கிறது. ஆனால் படிகமும் படிகாரமும் இந்தக் குடும்பம் அல்ல. அவை ஸ்படிகத்தின் வழி வந்தவை. அழுக்கைப் படிய வைக்கும் படிகாரத்தின் 'படி' வேறு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

வண்டலுக்கும் ஒரு பழைய வீடு உண்டு. சங்கப் பாடல்களில் வண்டல் என்றால் சிறுமியர் மணலில் ஆடும் விளையாட்டு. ஈர மணலில் சிறுவீடு கட்டி, பாவை செய்து ஆடுவார்கள். அந்தப் பாவைக்கு வண்டற்பாவை என்று பெயர். வெள்ளம் வடிந்த கரையில்தான் அந்த ஆட்டம் நடந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். இன்று 'வண்டல் மண்' என்று பாடநூலில் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்குள் தன் வயதுப் பெண்கள் விளையாடிக்கொண்டிருப்பது தெரியாது. ஜெர்மானியத் தத்துவஞானி ஹுஸ்ஸர்ல் 1936இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் மண்படிவுக்கு ஒப்பிட்டார்: ஒரு கருத்து முதலில் யாரோ ஒருவருக்குப் பளிச்சென்று தோன்றியது. பிறகு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி அடியில் தங்கிவிடுகிறது. நாம் அதன்மேல் நடக்கிறோம், தோன்றிய கணம் மறந்துபோகிறது. அவர் வடிவகணிதத்தைப் பற்றிச் சொன்னார். சொற்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

ஆகவே, ஆசிரியைக்கு என் பதில். இனி நம் இதழில் செயலைச் சொல்லும்போது 'படிதல்', 'படிவு' என்று எழுதுவோம். ஆறு கொண்டுவந்த பொருளைச் சொல்லும்போது வண்டல். வழி அடைந்தால் தூர்தல். மேலே நிற்கும் நீரைப் பற்றிப் பேசினால் தெளிதல். வேதிவினையில் பிறந்து விழுந்தால் மட்டும் வீழ்படிவு. எழுதித் தரும் நண்பர்களிடமும் இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் யாராவது 'கரம்பை' என்றோ 'கசண்டு' என்றோ எழுதி அனுப்பினால் அதை அடித்துவிட்டுப் 'படிவு' என்று போட மாட்டோம். அந்தக் கடைசி பெஞ்சுப் பையனுக்கு, தம்பி, உன் குவளையில் அடியில் படிகிறது, மேலே தெளிகிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் டீச்சர். இரண்டையும் அவன் கண் பார்த்துவிட்டது.

உங்கள் ஊரில் குளத்தடி மண்ணுக்கு என்ன பெயர்? எண்ணெய்ச் செக்கில் அடியில் நிற்பதை என்ன சொல்வார்கள்? யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலேசியத் தோட்டங்களிலும் வளர்ந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அஞ்சலட்டையில் ஒரு சொல் வந்தாலும் போதும், அடுத்த இதழில் ஊர்ப்பெயருடன் போடுவோம்.

கொற்கையிலிருந்து ஒரு பிடி மண்ணைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அதை ஒரு கண்ணாடிச் சாடியில் கரைத்து அலுவலக ஜன்னலோரம் வைத்தேன். தேற்றாங்கொட்டை போடவில்லை. ஸ்டோக்ஸின் கணக்கைப் பார்த்துவிடலாம் என்று அப்படியே விட்டிருக்கிறேன். சிப்பித் தூளும் மணலும் உடனே இறங்கிவிட்டன. அதன்மேல் ஒரு விரல்கடை அளவு மென்மையான வண்டல். இன்று திங்கள் மாலை. மேல்பாதி தெளிந்துவிட்டது, நடுவில் மட்டும் இளம்பழுப்பாக ஒரு மூட்டம் நிற்கிறது. அச்சகத்திலிருந்து பக்கம் கேட்டு இரண்டு முறை ஆள் வந்துவிட்டார். மேசையைத் தட்டாமல் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்